காலிக் கட்டம்

"அப்பா, இது கடிக்குமா?"

கேட்டவளுக்கு அப்போது பால்பல்கூட முழுசாக விழுந்திருக்கவில்லை. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க அம்மாவோடு ஆலைக்கு வந்தவள், வாசலோரம் அடுக்கியிருந்த நீலக் கேன்களில் ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கடிக்கும். கிட்டப் போகாதே" என்றார் அப்பா.

அவள் எழுந்து நகர்ந்துவிட்டாள். விஷயம் அவ்வளவுதான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இதே கேள்விக்குப் பதில் சொல்வதற்காக அரசாங்கம் ஒரு வாரியத்தை வைத்துக் காப்பாற்றி வருகிறது என்பது அப்பாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

அப்பாவை ஆலையில் எல்லோரும் லேபிள்காரர் என்று கூப்பிடுவார்கள். ஆலை என்றால் ஒரு தகரக் கொட்டகை. பெரிய பீப்பாய்களில் வந்து இறங்கும் திரவத்தைச் சின்னக் கேன்களில் நிரப்பி, மூடியைத் திருகி, பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். இயந்திரங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அறுத்து எடுக்கிற காரத் திரவம் அது. பிசுக்குத் தண்ணி என்பது அதற்குச் செல்லப் பெயர். தோலில் பட்டால் முதலில் சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழவென்றுதான் இருக்கும். வலி சாவகாசமாக, தோலைத் தின்று முடித்த பிறகு வரும். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம்.

கேன்மேல் லேபிள் ஒட்டுவது இவர் வேலை. குமிழி விழாமல், கோணாமல், ஒரே தடவலில் ஒட்டுவார். ஒட்டி முடித்ததும் தடித்த பேனாவால் 'கையில் படக்கூடாது' என்று ஒரு வரி எழுதுவார். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இதை யாரோ ஒருவர் திறக்கத்தானே போகிறார், அவர் வீட்டிலும் நாலு பேர் இருப்பார்களே என்று நினைத்து, அவராக எழுதியது.

முதலில் ஆபத்து வந்தது அந்த வரிக்குத்தான்.

புதுச் சட்டம் ஒன்று வந்தது. இனிமேல் ரசாயனக் கேன் எதன்மேலும் 'ஆபத்து வகைப்பாட்டு வாரியம்' அனுமதித்த படமும் சொல்லும் மட்டுமே இருக்கலாம். சொந்தமாக ஒரு எழுத்து எழுதினாலும் குற்றம். மக்களை ஆபத்திலிருந்து காப்பாற்றுகிற சட்டம் என்பதால், மக்களை எச்சரிப்பது முதல் வேலையாகத் தடை செய்யப்பட்டது.

முதலாளி லேபிள்காரரைக் கூப்பிட்டார். "ஒட்டுறவன் நீ. என்ன ஒட்டணும்னு நீயே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடு. அரை நாள் வேலை."

அந்த அரை நாள் இரண்டு மழைக்காலங்களைத் தாண்டிப் போனது.

வாரியத்தின் நடைக்கூடம் நீளமானது. மூன்று பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். மூன்றிலும் யாரும் இல்லை. லேபிள்காரர் ஒன்றில் உட்காரப் போனார். வாசல் காவலர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க! உங்க சரக்கு வகைப்படுத்தியாச்சா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அப்போ உட்காரக் கூடாது. இது தீப்பிடிக்கிற சரக்குக்காரங்க பெஞ்சு. அது விஷம். அந்த ஓரத்துல இருக்கிறது அரிக்கிற சரக்கு. நீங்க பாட்டுக்கு ஒண்ணுல உட்கார்ந்துட்டா அதுவே வகைப்பாடு ஆயிடும். அப்புறம் என் வேலை போயிடும்."

"வகை தெரியாதவங்க எங்க உட்காருறது?"

"அதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க."

லேபிள்காரர் நின்றார். காலையில் நின்றவர் மதியம் வரைக்கும் நின்றார். நடைக்கூடத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா ஒருத்தர் இவர் கால்கள் இருந்த இடத்தை மட்டும் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு, கடைசியில் பொறுக்கமாட்டாமல் தன் வாளியைக் காலி செய்து கவிழ்த்துப் போட்டார்.

"இதுல உட்காருங்க தம்பி. வாளிக்கு வகை கிடையாது."

உட்கார்ந்தார். அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியில் பாதியை வைத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினார் இவர்.

"ஏன், இதுக்கும் வாரியம் படம் ஒட்டணுமா? சும்மா சாப்பிடுங்க."

அன்றிலிருந்து இவர் வாரியத்துக்கு வருகிற நாளெல்லாம் அந்த வாளி கவிழ்ந்தது, அந்த டப்பா திறந்தது. இவர் வருகிற நாள் அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ, டப்பாவில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு வழியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசை. நடுவில் தலைவர். ஒரு பக்கம் படப் பிரிவு அதிகாரி அம்மா. மறு பக்கம் சொல் பிரிவு அதிகாரிகள் இரண்டு பேர். கேன்மேல் 'அபாயம்' என்று போட வேண்டும் என்பவர் ஒருவர், 'எச்சரிக்கை' போதும் என்பவர் இன்னொருவர். ஒரு கேனில் இரண்டு சொல் வரக்கூடாது என்பது விதி. அதனால் இரண்டு பேரும் பல வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மேசைக் கடைசியில் முயல் நிபுணர். ரசாயனம் பட்டால் முயலுக்கு என்ன ஆகும் என்பதில் கரைகண்டவர்.

"உங்க சரக்கு என்ன செய்யும்?" என்று தலைவர் கேட்டார்.

"தோலைத் தின்னுடுங்க ஐயா. கண்ணுல பட்டா கண்ணு போயிடும்."

"எப்படித் தெரியும்?"

"எங்க கொட்டகையில ஒருத்தருக்குக் கை வெந்துபோச்சு ஐயா. முன்னாடி ஒருத்தருக்குக் கண்ணு."

முயல் நிபுணர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அவங்க முயலா?"

"மனுஷங்க ஐயா."

"அப்போ அது தகவல் இல்ல. முயலுக்கு நடந்தா தகவல். மனுஷனுக்கு நடந்தா சம்பவம்."

"முயலுக்கு நடந்ததைப் பார்த்துத்தானே மனுஷனுக்கு நடக்கும்னு சொல்றீங்க? இங்க மனுஷனுக்கே நடந்துடுச்சேங்க."

"அவசரப்படாதீங்க. முயலுக்கு என்ன ஆகும்னு தெரியாம, மனுஷனுக்கு ஆனது ஆனதுதானான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

லேபிள்காரருக்குத் தலை சுற்றியது. தப்பு தன் மேல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு நிதானமாகப் பேசினால் அப்படித்தான் தோன்றும்.

படப் பிரிவு அம்மா தொண்டையைக் கனைத்தார். "அரிக்கிற சரக்குன்னு முடிவானாலும் படத்துல ஒரு சிக்கல் இருக்கு. கை மேல சொட்டு விழற மாதிரி படம். அது வலது கையா, இடது கையா? வலது கையைப் போட்டா, இடது கையால தொடலாம் போலிருக்குன்னு ஜனங்க நினைச்சுப்பாங்க."

"ரெண்டு கையையும் போட்டுடலாமேம்மா."

"அது ரெண்டு ஆபத்து ஆயிடும். கட்டம் ஒண்ணுதான்."

"ஏதாவது ஒரு சொல்லாவது போடுங்களேன்" என்று சொல் பிரிவுப் பக்கம் திரும்பினார் இவர்.

"அபாயம்னு போடலாம்" என்றார் ஒருவர்.

மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "அபாயம்னு போட்டா ஜனங்க பயந்துடுவாங்க. பயந்தா ஓடுவாங்க. ஓடினா விழுவாங்க. விழுந்து கால் ஒடிஞ்சா, அது சரக்கால வந்த காயமா, சொல்லால வந்த காயமா?"

"எச்சரிக்கைன்னு போட்டா ஜனங்க பயப்பட மாட்டாங்க" என்றார் முதலாமவர், ஜன்னலைப் பார்த்து. "பயப்படாத ஜனங்களை எதுக்கு எச்சரிக்கணும்?"

லேபிள்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, என் பொண்ணு குழந்தை. இது கடிக்குமான்னு கேட்டா. கடிக்கும்னேன். புரிஞ்சுக்கிட்டு நகர்ந்துட்டா. அதையே போட்டுடலாமே. 'கடிக்கும்'. ஒரே வார்த்தை."

தலைவர் யோசித்தார்.

"கடிக்கிறது எல்லாம் கால்நடைத் துறை" என்றார்.

பிறகு தலைவர் எழுந்து நின்றார். விசாரணை முடிவில் எழுந்து நின்று பேசுவது அவர் வழக்கம். கேட்பதற்கு லேபிள்காரர் ஒருவர்தான் இருந்தார் என்றாலும் குரல் கூட்டத்துக்கானது.

"இந்த வாரியம் தொடங்கின நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு தப்பான படம் போட்டதில்ல. ஒரு தப்பான சொல் போட்டதில்ல. ஏன்? நாங்க எதையுமே போட்டதில்ல. ஆபத்து எங்க வேணும்னாலும் வரலாம். ஆனா எங்க கையெழுத்துலேருந்து வரவே வராது. பக்கத்து நாட்டுல என்ன பண்றாங்க? சரக்கைப் பார்த்தாங்க, படத்தை ஒட்டினாங்க. அவசரம்! நாளைக்கே அந்தச் சரக்கு திருந்திட்டா யார் பொறுப்பு? நாங்க அப்படி இல்ல. முடிவு வர்ற வரைக்கும் உங்க கேன்ல கட்டத்தை மட்டும் ஒட்டுங்க. சிவப்புக் கட்டம். உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது. உள்ள என்ன வரணும்னு நாங்க யோசிச்சுக்கிட்டு இருக்கோம்னு ஜனங்க புரிஞ்சுக்குவாங்க."

சின்னச் சதுரத்தைக் கோணத்தில் நிற்க வைத்த மாதிரி ஒரு சிவப்புக் கட்டம். உள்ளே வெள்ளை வெளேரென்று வெறுமை. லேபிள்காரர் அதை அச்சடித்து வாங்கி வந்து ஒட்ட ஆரம்பித்தார். தான் வழக்கமாக எழுதும் வரியை எழுத முடியாமல் கை தவித்தது. பேனாவை எடுப்பார், மூடியைத் திறப்பார், திரும்ப மூடி வைப்பார்.

ஒன்றை வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். மனைவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கேங்க. ஏதோ பரிசு வாங்கின மாதிரி."

அவருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பட்டறைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். புதுக் கட்டம் வந்ததும் பிசுக்குத் தண்ணி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அரசாங்க முத்திரை வாங்கிய சரக்கு என்று பேச்சுப் பரவியது. கேன் இறக்கப் போன ஒரு பட்டறையில் மெக்கானிக் ஒருவர் வெறும் கையை அதற்குள் முக்கப் போனதைப் பார்த்து இவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே பண்றீங்க!"

"ஏம்ப்பா, கட்டத்துக்குள்ள ஒண்ணும் இல்லையே. ஆபத்து இருந்தா படம் போட்டிருப்பாங்க இல்ல? ஒண்ணும் போடலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்? நீ என்ன, அரசாங்கத்தை விடப் பெரிய ஆளா?"

இவர் முதலாளியிடம் போய்ச் சொன்னார். முதலாளி புது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"நாம என்னய்யா பொய்யா சொன்னோம்? நாம ஒண்ணுமே சொல்லலியே. விடு. இனிமே அங்க போய் நின்னு அவங்களைக் கிளறாதே."

லேபிள்காரர் விடவில்லை. யாருக்காவது கை போய்விடுவதற்குள் அந்தக் கட்டத்துக்குள் ஏதாவது வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் தலைக்குள் ஓடியது. வார விடுமுறையை விட்டுக்கொடுத்துவிட்டு வேறொரு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வாரியத்துக்கு நடந்தார். போன அன்று அங்கே தோரணம் கட்டியிருந்தது. காலிக் கட்டத் திட்டத்தின் ஓராண்டு நிறைவு விழா.

தலைவர் மேடையில் முழங்கினார். "இந்த ஒரு வருஷத்துல காலிக் கட்டத்தின் மேல ஒரு புகார்கூட வரல!"

கைதட்டல். புகார் கொடுக்கப் போனால் எந்த வகை ஆபத்து என்று முதலில் சொல்ல வேண்டும், வகை கிடைக்காததால்தான் அது காலிக் கட்டம் என்பதை லேபிள்காரர் சொல்ல நினைத்தார். அவருக்கு மேடை கிடைக்கவில்லை. பக்கத்திலிருந்த காவலர் மட்டும் காதோரம் கிசுகிசுத்தார். "நல்ல வேளை, இன்னிக்கு மட்டும் எந்தப் பெஞ்சுல வேணும்னாலும் உட்காரலாமாம்."

விழாவோடு விழாவாக வாரியத்தின் பொருள் வாங்கும் பிரிவும் ஒரு நல்ல காரியம் செய்தது. கட்டடத்துக்குள் ஆபத்தான பொருள் எதுவும் நுழையக் கூடாது என்று விதி போட்டது. விதி தெளிவானது: வாங்கும் பொருளின்மேல் வாரியத்தின் கட்டம் இருக்க வேண்டும். கட்டத்துக்குள் ஆபத்துப் படம் இருக்கக் கூடாது.

அதுவரை தரை துடைக்க வாங்கி வந்தது சாதாரண சோப்பு. சோப்பில் ஆபத்து இல்லை, அதனால் கட்டம் இல்லை, அதனால் தகுதியும் இல்லை. தள்ளுபடி செய்தார்கள். நாடு முழுக்கத் தேடினதில், கட்டமும் இருந்து கட்டத்துக்குள் ஒன்றும் இல்லாமலும் இருந்த ஒரே பொருளைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த தடவை லேபிள்காரர் போனபோது அக்கா நடைக்கூடத்தின் நடுவில் மண்டி போட்டு ஒரு பழைய கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நீலக் கேன். இவர் தூரத்திலிருந்தே அதை அடையாளம் கண்டுகொண்டார். குமிழி இல்லாமல், கோணாமல், ஒரே தடவலில் ஒட்டிய லேபிள்.

"அக்கா! கையை எடுங்க! கையை எடுங்கக்கா!"

"ஏன் தம்பி கத்துறீங்க? நல்லாத்தான் இருக்கு. வழவழன்னு சோப்பு மாதிரி. புதுசா வாங்கியிருக்காங்க. ஆபத்தே இல்லாததாம், அதிகாரி ஐயா சொல்லித்தான் குடுத்தாரு. தண்ணிகூட ஊத்த வேண்டாம்னாரு."

இவர் அவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து இரண்டு கையையும் அதற்கு அடியில் பிடித்தார். இருக்கிற தண்ணீர் எல்லாம் ஓடட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றார். வலி அப்போதுதான் வர ஆரம்பித்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையை முட்டினார். "ஆண்டவனே, ஆண்டவனே" என்று சொன்னது அக்கா இல்லை, இவர்தான்.

தண்ணீர் நடைக்கூடத்தில் வழிந்து கூட்ட அறைக்குள் போனது. தலைவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரது தண்ணியைத் திறந்து விட்டது?"

"ஐயா, இந்தம்மா கையைப் பாருங்க."

தலைவர் பார்த்தார். மனசுக்குள் ஏதோ அசைந்திருக்க வேண்டும், அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. "அடடா" என்றார். அப்புறம் பதவி ஞாபகம் வந்துவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னார்.

காவலர் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவர் அனுமதி வாங்காமல் செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம். லேபிள்காரர் கூட்ட அறைக்குள் நின்றார்.

"இனிமேலாவது படம் போடுங்க ஐயா. உங்க கட்டடத்துலயே, உங்க கண்ணு முன்னாடியே ஆயிடுச்சு."

"அந்தம்மா விண்ணப்பதாரர் இல்லையே" என்றார் தலைவர்.

"கையில எந்தப் பக்கம் பட்டது?" என்று முயல் நிபுணர் ஆர்வமாகக் கேட்டார். "ரோமம் இருக்கிற பக்கமா, இல்லாத பக்கமா?"

படப் பிரிவு அம்மா ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனா அவங்களுக்கு ரெண்டு கையிலயும் பட்டிருக்கு. நம்ம படத்துல ஒரு கைதான். படத்தோட பொருந்தல."

"ஒரு கையில மட்டும் பட்டிருந்தா யோசிக்கலாம்" என்று தலைவர் ஒப்புக்கொண்டார்.

சொல் பிரிவு அதிகாரிகள் இருவரும் பல வருஷத்துக்கு அப்புறம் அன்று ஒரே கருத்துக்கு வந்தார்கள். நடந்ததை 'அபாயம்' என்றும் சொல்ல முடியாது, 'எச்சரிக்கை' என்றும் சொல்ல முடியாது. ஏற்கனவே நடந்துவிட்டதே.

லேபிள்காரர் வெளியே வந்தார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு வந்தது வெட்கம். அந்த லேபிளை ஒட்டியது தன் கை. அந்தக் கைக்கு எத்தனையோ மதியம் சோறு போட்டது அக்காவின் கை.

சாயங்காலம் ஆலைக்குப் போனதும் ஒட்டும் மேசைக்குப் போகாமல் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"நான் இனிமே இதை ஒட்ட மாட்டேன் முதலாளி."

"ஒட்டலன்னா சட்டவிரோதம்யா. உன்னையும் உள்ள போடுவான், என்னையும் போடுவான்."

"போடட்டும்." சொல்லிவிட்டு அக்காவின் கைகளைப் பற்றிச் சொன்னார். தோல் எப்படி உரிந்திருந்தது, குழாய்க்கு அடியில் விரல்கள் எப்படி விறைத்துக்கொண்டன, சுவரில் எப்படித் தலையை முட்டினார், எல்லாம்.

முதலாளி மின்விசிறியை நிறுத்தினார். "நான் என்னய்யா பண்ணட்டும்? எழுதினா குற்றம். படம் போட்டா குற்றம்."

கொட்டகைச் சுவரில், கேன் நிரப்புகிற ஆட்கள் கழற்றி மாட்டிய ரப்பர் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார்.

"இதை ஒரு ஜோடி கேன் கழுத்துல கட்டி அனுப்பினா என்ன? இது எழுத்தா?"

"இல்லீங்க."

"படமா?"

"இல்லீங்க."

"அப்போ கட்டு. ஒவ்வொரு கேனுக்கும் கட்டு."

"செலவு ஆகுமே முதலாளி."

"நான் கேட்டேனா? கட்டுன்னா கட்டு." எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார். "அந்தம்மா கையை நீ பார்த்துட்ட. நான் பார்க்காம இருந்துட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒண்ணும் ராட்சசன் இல்லய்யா."

கையுறை கட்டிய கேன்கள் பட்டறைகளுக்குப் போயின. ஒரு சொல் இல்லை, ஒரு படம் இல்லை. கேன் கழுத்தில் இரண்டு ரப்பர்க் கைகள் தொங்கின. எந்தப் பட்டறையிலும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குக் கையை முக்கப் போன மெக்கானிக் மட்டும் கேட்டார்.

"ஏம்ப்பா, இவ்வளவு பொல்லாததா இது? இத்தனை நாளா சொல்லவே இல்லையே?"

"சொல்லத்தான் அனுமதி இல்லண்ணே. மாட்டிக்கிட்டுத் திறங்க."

விஷயம் வாரியத்துக்கு எட்டாமல் இருக்குமா? லேபிள்காரரை வரச் சொன்னார்கள். மேசைமேல் ஒரு கேன், அதன் கழுத்தில் கையுறை. ஐந்து பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இது என்ன?"

"கையுறைங்க ஐயா."

"அது தெரியுது. எந்தப் பிரிவு? சொல்லா, படமா?"

"சொல் இல்ல" என்றார்கள் சொல் பிரிவுக்காரர்கள், அவசரமாக.

"படமும் இல்ல" என்றார் படப் பிரிவு அம்மா. "ஆனா கை மாதிரி இருக்கு. ரெண்டு கை. இதைப் படம்னு ஒத்துக்கிட்டா, இத்தனை வருஷமா ஒரு கைக்காக நாம உழைச்ச உழைப்பு என்ன ஆகிறது?"

"முயலுக்கு இது சேராது" என்றார் நிபுணர், விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு.

தலைவர் எழுந்து நின்றார். "இது ஒரு புது வகைச் சிக்கல். கையுறை என்பது சொல்லா, படமா, பொருளா என்று ஆராய ஒரு குழு போடுகிறேன். குழுவுக்குக் கால வரம்பு கிடையாது. அவசரத்துல நாங்க எதுவும் பண்ண மாட்டோம். முடிவு வர்ற வரைக்கும் இப்போ எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். யாரும் எதையும் மாத்தக் கூடாது. இது உத்தரவு!"

லேபிள்காரர் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கும்பிட்டார். எப்படி இருக்கோ அப்படியே என்றால் கையுறையோடுதான். அந்தக் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. கேன்கள் இன்னும் கையுறையோடு போய்க்கொண்டிருக்கின்றன. வாரியம் தன் ஆயுளில் மக்களுக்குச் செய்த ஒரே நன்மை அது. தெரியாமல் செய்ததால் தலைவரை நாம் குறை சொல்ல முடியாது.

வெளியே வந்தபோது அக்கா நடைக்கூடத்தில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் இன்னும் கட்டு இருந்தது.

"வீட்டுல இருக்கக் கூடாதாக்கா?"

"கை ஆறுற வரைக்கும் வீட்டுல இருன்னுதான் காண்ட்ராக்டரும் சொன்னான். ஆனா அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுடுவான் தம்பி. அப்புறம் கை ஆறி என்ன பண்றது? அதான் வந்து நிக்கிறேன். ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குத் தரை துடைச்சிருந்தா அவன் ஒண்ணும் கேட்க மாட்டான்."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படித் துடைக்கிறீங்க?"

அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் அதிசயம். முதல் நாள் முழங்கையால பிழிஞ்சு பிழிஞ்சு பார்த்தேன், முடியல. உட்கார்ந்து அழுதேன். மறுநாள் வந்து பார்த்தா தரை துடைச்சிருக்கு! அன்னியிலேருந்து தினமும் அப்படித்தான். நான் வர்றதுக்குள்ள யாரோ துடைச்சு வெச்சுட்டுப் போயிடுறாங்க. காவலரைக் கேட்டா சிரிக்கிறாரு, அவர் இல்லையாம். யாரு பெத்த புள்ளையோ. விசாரிச்சுக் கண்டுபிடிச்சுக் கும்பிடணும் தம்பி."

"வேண்டாங்கக்கா. விசாரிக்காதீங்க."

"ஏன்?"

"வாரியத்துக்குத் தெரிஞ்சா வகைப்படுத்திடுவாங்க."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலித்ததும் உஸ்ஸென்று கையை எடுத்துக்கொண்டு, மறுபடி சிரித்தார்.

மறுநாளும் விடிந்தும் விடியாமலும் இருந்த நேரத்தில் லேபிள்காரர் வாரியத்து வாசலுக்கு வந்தார். காவலர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னிக்கும் இவ்வளவு சீக்கிரமா? வரிசையே இல்லையேங்க."

"இல்லாதப்பவே வந்துட்டா நல்லதுதானே."

காவலர் கண்ணை மூடிக்கொண்டார். வகை தெரியாத ஆட்களைப் பற்றி அவரும் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார்.

உள்ளே யாரும் இல்லை. லேபிள்காரர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். வீட்டிலிருந்து கொண்டு வந்த சாதாரண சோப்பைத் தண்ணீரில் கரைத்தார். கடைசி அறையில் ஆரம்பித்து, மூன்று பெஞ்சுகளுக்கும் அடியில் குனிந்து, கூட்ட அறை வாசலையும் விடாமல் துடைத்துக்கொண்டு வந்தார். கேன் தண்ணி பட்டு வெளுத்துப் போயிருந்த இடத்தில் மண்டி போட்டு, கையால் இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். வெளுப்பு போகவில்லை. அது போகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் துடைத்தார். வாய் ஏதோ ஒரு பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

கீழே பக்கக் கதவு கிறீச்சிட்டது. அக்காவின் செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது.

அவர் துடைப்பானை அவசரமாகப் பிழிந்தார். பின்படி வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார். பளபளவென்று ஈரம் மின்னிய தரையில் அவருடைய கால்தடங்கள் வரிசையாக இருந்தன. திரும்பி வந்தார். ஒவ்வொரு தடமாகத் துடைத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து, கடைசித் தடத்தையும் அழித்துவிட்டு, துடைப்பானை ஓசையில்லாமல் சுவரில் சாய்த்து வைத்து, படியில் இறங்கிப் போனார்.